கதவு தட்டாத ஊர்

ஆகஸ்ட் 25, திங்கள்

வாயை மூடிக்கொண்டிருந்ததன் பலன் இன்று மாலை ரயிலில் வந்து இறங்கியது.

வசந்த காலத்தில் நடந்த துறைக் கூட்டத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் மாணவிக்கு யார் துணையாக இருப்பீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். யாரும் பேசவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். எங்கள் பின்லாந்தில் அதற்குச் சம்மதம் என்று பொருள். என் பெயரை எழுதிக்கொண்டுவிட்டார். மறுப்பதற்கு இன்னொரு வாக்கியம் பேச வேண்டியிருந்திருக்கும். எனக்கு அதற்குத் தெம்பில்லை.

பெயர் அசுந்தா. நேப்பிள்ஸ்காரி. எங்கள் குடியிருப்பில் காலியாகக் கிடந்த மூன்றாவது அறையையே அவளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

துர்க்கு ரயில் நிலையத்தில் நான் கையை நீட்டினேன். அவள் கையை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கன்னத்திலும் முத்தம். பிறகு கைபேசியில் தன் அம்மாவை அழைத்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்த அம்மா நிறுத்தாமல் பேசினார். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"நீ ரொம்ப ஒல்லியா இருக்கியாம். உன்னைப் பாத்துக்கச் சொல்றாங்க."

"நான்தானே உன்னைப் பாத்துக்கணும்?"

"அத அவங்ககிட்ட சொல்லிப் பாரு."

மூன்று பெட்டிகள். ஒன்று முழுக்கத் தக்காளிச் சாறு, கோடையில் குடும்பமே கூடிக் காய்ச்சிப் புட்டியில் அடைத்தது. ஒரு புட்டி உடைந்து அவளுடைய புதுக் குளிர்கால மேலங்கி பூராவும் சிவப்பு. அதைப் படிக்கட்டிலேயே விரித்துப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தாள். "கொலை நடந்த மாதிரி இருக்கு. இவ்ளோ சத்தம் போடறேன், ஒருத்தர்கூட எட்டிப் பாக்கலயே" என்றாள்.

எட்டிப் பார்ப்பதாவது. நாங்கள் வெளியே கிளம்பும் முன் கதவில் காதை வைத்து, படிக்கட்டில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இருந்தால் அவர் போகும் வரை உள்ளேயே நிற்கிறவர்கள். இதை அவளிடம் சொல்லவில்லை. முதல் நாளே எதற்கு.

ஆகஸ்ட் 26

காலையில் அவள் நீலோவின் கதவைத் தட்டிவிட்டாள்.

நீலோவும் நானும் மூன்று வருடமாக ஒரே சமையலறை. அவன் வேதியியல், நான் புவியியல். எங்களுக்குள் நல்ல நட்பு. அதாவது, ஒருவர் கதவை ஒருவர் தட்டியதில்லை. வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து அவன் கையில் கணினியோடு வெளியே பாய்ந்திருக்கிறான். எதிரே ஒரு தட்டு பிஸ்கட்டோடு அசுந்தா. "நான் பக்கத்து ரூம்" என்றாளாம்.

மத்தியானம் நீலோ அந்தத் தட்டைக் கழுவித் துடைத்து அவள் அறை வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தான். அவளுக்குத் தாங்கவில்லை. "தட்டைக் காலியாவா திருப்பித் தருவாங்க?" என்று என்னிடம் கேட்டாள். வேறெப்படித் தருவார்கள்?

ஆகஸ்ட் 28

ஊரைச் சுற்றிப் பார்க்க அவளுக்காக ஒரு வரைபடம் தயார் செய்திருந்தேன். முக்கியமான இடங்களைப் பச்சை மையில் வட்டமிட்டு. அவள் அதைத் தொடவேயில்லை.

"வழி தெரியலன்னா யாரையாவது கேட்டுக்கறேன்."

யாரைக் கேட்பாள்? நான் பிறந்ததிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிறேன், ஒருவரையும் வழி கேட்டதில்லை. வழி தவறினால் தவறாதது போல் முகத்தை வைத்துக்கொண்டு நடப்போம். எப்படியும் ஆறு வந்துவிடும்.

மாலையில் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தாள். சந்தைக் கூடம் எங்கே என்று ஒரு பெரியவரைக் கேட்டாளாம். அவர் பதில் சொல்லாமல் திரும்பி நடக்க ஆரம்பித்திருக்கிறார்.

"கோவிச்சுக்கிட்டார்னு நெனச்சேன். ஆனா நடுவுல நின்னு நின்னு நான் வர்றேனான்னு பாக்கறாரு. சரின்னு பின்னாடியே போனேன். கூடத்து வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டு, தலைய ஆட்டிட்டு, வந்த வழியே திரும்பிப் போயிட்டாரு. அவருக்கு அங்க வேலையே இல்லடி. எனக்காக வந்திருக்காரு. வாயத் தொறக்கல."

"பேசிட்டே நடந்தா மூச்சு வாங்கும்" என்றான் நீலோ, பாத்திரம் கழுவிக்கொண்டே. அவளிடம் அவன் தானாகப் பேசிய முதல் வாக்கியம்.

பிறகு பேருந்துக் கதை. எல்லா இருக்கைகளும் காலியாக இருக்க, தனியாக உட்கார்ந்திருந்த ஒரே ஆளின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். "அவரு வீடு அங்கதான் போல" என்கிறாள். நானும் நீலோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பாவம் மனிதர், அடுத்த பேருந்துக்குக் காத்துக்கொண்டு நின்றிருப்பார்.

ஆகஸ்ட் 30, சனி

இன்று நானும் கூடப் போனேன். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே.

ஒரு தெரு முனையில் நடப்பவர்களுக்கான சிவப்பு விளக்கு. கண்ணுக்கெட்டிய தூரம் வண்டி இல்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் நிற்கிறோம். அவள் பாட்டுக்குக் கடந்து போய் அந்தப் பக்கத்திலிருந்து, "எதுக்கு நிக்கறீங்க?" என்று கையை ஆட்டிக் கேட்கிறாள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அவளைத் தெரியாதவள் போல் நின்றுவிட்டேன். இதை அவளிடம் ஒருநாள் சொல்லிவிட வேண்டும்.

ஆற்றங்கரையில் நடக்கும்போது அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள்.

"இங்க யாரும் துணியே துவைக்க மாட்டாங்களா?"

"துவைப்போம். நிலவறையில ஒரு ரூம் இருக்கு, அங்க காயப் போடுவோம்."

"அப்ப யார் வீட்ல என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? எங்க தெருவுல கொடியப் பாத்தாலே போதும். சின்னச் சட்டை தொங்குனா கொழந்த பொறந்திருக்கு. பூப்போட்ட போர்வை தொங்குனா மருமக வந்திருக்கா. ரெண்டு நாளா கொடி காலியா இருந்தா யாராவது மாடியேறிப் போய்க் கதவத் தட்டுவாங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? என்ன ஆச்சுன்னு பாக்கத்தான்."

ஆற்றைக் கடக்கும் குட்டிப் படகு இலவசம் என்று தெரிந்ததும் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஏறுகிறாள், இறங்குகிறாள், மறுபடி ஏறுகிறாள். ஒவ்வொரு தடவையும் ஓட்டுநருக்கு ஒரு வணக்கம். அவர் கல்லு மாதிரி நிற்கிறார். எனக்கு வெட்கமாகப் போய் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசித் தடவை அவர் தன் தொப்பியின் விளிம்பை லேசாகத் தொட்டார். அவள் ஓடி வந்து என்னைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். "பாத்தியா? பாத்தியா?"

பார்த்தேன். சின்ன வயதிலிருந்து அந்தப் படகில் போகிறேன், எனக்கு யாரும் தொப்பியைத் தொட்டதில்லை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

என் அம்மா கைபேசியில் பேசினாள், ஞாயிறுதோறும் பேசுவது போல. அவள் இருக்கும் நௌவோ தீவில் காற்று அதிகமாம். ஆப்பிள் இந்த வருடம் சின்னதாகக் காய்த்திருக்கிறதாம். அப்பாவைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பேசினால் அவளுக்குக் கஷ்டம் என்று நான் பேசுவதில்லை, எனக்குக் கஷ்டம் என்று அவள். நல்ல ஏற்பாடு.

"வெச்சுட்டியா? அதுக்குள்ளயா? உங்க அம்மாதானே?" என்றாள் அசுந்தா.

எங்களுக்கு அது நீளமான பேச்சு என்று சொன்னேன். நம்பவில்லை.

செப்டம்பர் 2

முதல் வகுப்பு. முடிவில் பேராசிரியர், "கேள்வி ஏதும் உண்டா?" என்றார். அது வகுப்பு முடிந்தது, பையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கான அறிவிப்பு. அசுந்தா கேள்வி கேட்டுவிட்டாள். பேராசிரியர் முகம் சிவந்து, கோட்டைக் கழற்றி, மறுபடி உட்கார்ந்து, வெகுநேரம் பதில் சொன்னார். சந்தோஷமாக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நல்லபடியாக ஆரம்பித்த நாள். வியாழன் என்றால் பட்டாணி சூப். மூன்று பேரும் சமையலறையில் இருந்தோம். எங்கள் காபியை அவள் வழக்கம் போல் திட்டிக்கொண்டிருந்தாள். "இது காபி இல்ல, காபி கால் கழுவுன தண்ணி." நீலோ அதற்குக் கிட்டத்தட்டச் சிரித்துவிட்டான்.

அப்போது அவள் அம்மாவின் அழைப்பு. எடுத்தாள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

சீரோ இறந்துவிட்டார். எனக்கு சீரோவைத் தெரியும். இந்தப் பத்து நாளில் நேப்பிள்ஸில் பாதிப் பேரை எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத் தகப்பன், அவர்கள் வீட்டுக்குக் கீழே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். அவள் கிளம்பிய அன்று கடையைப் பூட்டிவிட்டு விமான நிலையம் வரை வந்து, அவளுடைய அப்பாவைவிட அதிகமாக அழுதவர். நேற்று மதியம் கடையிலேயே நெஞ்சு வலி. நாளைக் காலை அடக்கம். இங்கிருந்து அதற்குள் போய்ச் சேர வழியில்லை.

மேசையில் தலையை வைத்து அழுதாள். வாய்விட்டு, வீடே அதிர. ஒருவர் அப்படி அழுவதை நான் நேரில் பார்த்ததில்லை. நீலோ சத்தம் வராமல் கரண்டியைக் கீழே வைத்தான். எழுந்து தன் கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போனான். நான் அடுப்பை அணைத்தேன். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்றேன். சமையலறைக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

யாரும் பார்க்காமல் அழ விட்டோம். அந்த மட்டுக்கு நல்லது.

செப்டம்பர் 5

அவள் அறைக்குள்ளேயே இருக்கிறாள். வீட்டுக்குள் நாங்கள் காலணி போடுவதில்லை. இன்று நீலோ காலுறைக்கு மேல் இன்னொரு காலுறை போட்டுக்கொண்டு நடக்கிறான். வானொலி கிடையாது. நான் இலவங்கப்பட்டை போட்டுச் சுருள் ரொட்டி சுட்டேன். அவள் அறைக் கதவருகே தரையில் வைத்தேன். தட்டவில்லை. வாசனை உள்ளே போகுமே.

செப்டம்பர் 6

ரொட்டி அப்படியே இருந்தது. எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன்.

மேல்மாடிக்காரர் சுவரில் துளை போட ஆரம்பித்தார். நீலோ மாடியேறிப் போய், துக்க வீடு என்று சொல்லி நிறுத்திவிட்டு வந்தான். நீலோ போய்ப் பேசியிருக்கிறான். அவளுக்காக இந்தக் கட்டடம் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

அம்மாவிடம், "வீட்ல ஒருத்திக்கு துக்கம்" என்றேன்.

"அப்ப தொந்தரவு பண்ணாதீங்க" என்றாள்.

"பண்ணல."

செப்டம்பர் 8, திங்கள்

அவள் வெளியே வந்தாள். தலை வாரியிருந்தாள். கையில் பெட்டி, காலிப் பெட்டி, சமையலறையில் இருந்த தன் சாமான்களை எடுத்துப் போட.

"வியாழக்கிழமை போறேன். டிக்கெட் போட்டாச்சு."

"அடக்கம் முடிஞ்சிருச்சே" என்றேன். முட்டாள்.

"அடக்கத்துக்குப் போகல. மொத்தமாப் போறேன்." ஒரு தக்காளிப் புட்டியை எடுத்துத் துணியில் சுற்றினாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, "நான் உங்களுக்கு என்னடி பண்ணேன்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை.

"எங்க ஊர்ல ஒரு வீட்ல சாவு விழுந்தா அந்த வீட்ல அடுப்பு எரியாது. அக்கம்பக்கம்தான் பாத்துக்கும். ஒருத்தி காபி கொண்டு வருவா, ஒருத்தி சூப் கொண்டு வருவா, ஊட்டாத குறையா உக்காந்து சாப்பிட வைப்பாங்க. உங்களுக்கு அது தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நான் ஒன்னும் பைத்தியம் இல்ல. ஆனா தெரிஞ்சும் காது கதவுலயே இருந்துச்சு. யாரோ நடந்து வர்ற சத்தம் கேக்கும். கதவு வரைக்கும் வரும். நிக்கும். திரும்பிப் போயிடும். அதுக்கு வராமலே இருந்திருக்கலாம்."

"ரொட்டி வெச்சேனே."

"தரையில வெச்ச. நாய்க்கு வைக்கற மாதிரி."

நாய்க்கு வைக்கற மாதிரின்னு சொல்லிட்டா. நான் என்ன பண்ணுவேன்? அவ அழறத பாத்துட்டு நிக்கறதுதான் அவமரியாதைன்னு நெனச்சேன். எல்லாம் சத்தமில்லாம, அவளுக்குக் கஷ்டம் குடுக்காம — அவளுக்கா, எனக்கா? யாருக்குக் கஷ்டம்னு பயந்தேன்?

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி" என்றேன். சரியாம்.

நீலோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு, தன் அறைக்குப் போய்விட்டான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையில் சன்னல் வழியே பார்த்தால் முற்றத்துக் கொடிமரத்தில் கொடி, அரைக்கம்பத்தில்.

கட்டடத்தில் குடியிருப்பவர் யாராவது இறந்தால் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது வழக்கம். கொடியேற்றும் பொறுப்பு இந்த வருடம் நீலோவுடையது, கொடி அறைச் சாவியும் அவனிடம்தான் இருக்கிறது. படிகளில் இறங்கி ஓடினேன். அவன் கொடிமரத்தடியில் நின்றிருந்தான், கோட்டுப் போட்டு, டை கட்டி. அவனிடம் கோட்டு இருப்பதே எனக்குத் தெரியாது.

"யாரு?"

"சீரோ."

"அவரு இங்க குடியிருக்கலயே நீலோ."

"அவ குடியிருக்கா."

"விதியில அப்படி இல்ல."

"கூடாதுன்னும் இல்ல. படிச்சுப் பாத்துட்டேன்."

கல்லூரிக்குக் கிளம்பியவர்கள் கொடியைப் பார்த்து ஒவ்வொருவராக நின்றார்கள். சைக்கிளை விட்டு இறங்கினார்கள். "யாரு?" என்று நீலோவைக் கேட்டார்கள். "சீரோ. நேப்பிள்ஸ்ல முடி திருத்தறவரு" என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னான். சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். அவன் ஒரு மாதம் பேசும் பேச்சை ஒரே காலையில் பேசித் தீர்த்துவிட்டான்.

நான் மேலே வந்து அவள் கதவைத் தட்டினேன். எழுதும்போது சுலபமாக இருக்கிறது. கையைத் தூக்கி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எழுதப் போவதில்லை.

"சன்னல் வழியாப் பாரு."

"கொடி. ஏன் பாதியில நிக்குது? யாரு செத்தா?"

"உன் சீரோ."

வெகுநேரம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். கீழே கோட்டுப் போட்ட நீலோவைப் பார்த்தாள். "நாடே அவருக்காகக் கொடிய இறக்கியிருக்கா?"

"நாடு இல்ல. நம்ம கட்டடம்."

"அவரு கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பாருடி. அடுத்த தெருக்காரனுக்கே அவரத் தெரியாது." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். நான் போகவில்லை. எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று ஒன்றும் தெரியவில்லை. ஆனால் போகவில்லை. கடைசியில் அவளே என் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வாசலில் தட்டும் சத்தம். மேல்மாடிக்காரர், துளை போட்டவர், கையில் கல்லீரல் பதார்த்தம். நீலோ அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். அசுந்தா அவர் கொண்டுவந்ததைச் சாப்பிட்டு முடிக்கும் வரை இருந்தார். பிறகு எழுந்து, "துயரத்தில் பங்கு கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"சாப்பாடு சகிக்கல" என்றாள் அசுந்தா. "ஆனா மனுஷன் ரொம்ப நல்லா உக்காந்தாரு."

அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர். சூரியன் மறையும் நேரத்தில் கொடியை இறக்க நாங்கள் மூவரும் போனோம். முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகுதான் இறக்க வேண்டும். கயிற்றை அவளிடம் கொடுத்தான் நீலோ.

வியாழக்கிழமை டிக்கெட் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

செப்டம்பர் 10, புதன்

மத்தியானம். மூன்று பேரும் சமையலறையில். தக்காளிப் புட்டிகளை எங்களுக்கே விட்டுவிட்டுப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"உங்க வீட்ல யாராவது செத்திருக்காங்களா, ஹெல்கா?"

"அப்பா. ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் கையிலிருந்ததை வைத்துவிட்டாள். "நீ சொல்லவே இல்ல."

"நீ கேக்கல."

"யாரு சாப்பாடு கொண்டு வந்தா?"

"யாரும் கொண்டு வரல. எல்லாரும் எங்கள நிம்மதியா விட்டுட்டாங்க." இந்த வாக்கியத்தை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், நன்றியோடுதான். இன்று சொல்லும்போது நடுவில் குரல் போய்விட்டது.

நீலோ மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அடக்கம் முடிஞ்சு நீ தீவுலேர்ந்து திரும்பி வந்தப்ப, உன் கதவு வரைக்கும் வந்தேன். ரெண்டு தடவ."

"தெரியும்" என்றேன். "காலடி கேட்டுச்சு."

அசுந்தா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து பெரிய பாத்திரத்தை எடுத்தாள். அவள் அடுப்பருகே போய் ஒரு வாரம் ஆகிறது.

"நீ அடுப்பு மூட்டக் கூடாதே" என்றேன்.

"என் வீட்டு துக்கத்துக்கு மூட்டக் கூடாது. இது உன் வீட்டு துக்கம். வெங்காயம் எங்க வெச்சிருக்கீங்க?"

உருளைக்கிழங்கையும் பாஸ்தாவையும் ஒரே பாத்திரத்தில் போட்டாள். பாலாடைக்கட்டியின் காய்ந்த தோலைக்கூட விடவில்லை. இரண்டும் மாவுப் பண்டம்தானே, எதற்கு ஒன்றாக என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. குழைய வேகவைத்து, தட்டில் போட்டு, என் முன்னால் மேசைமேல் வைத்தாள். எதிரே உட்கார்ந்துகொண்டாள். நீலோ ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

சாப்பிட்டேன். அழுதேன். அப்பாவின் அடக்கத்தில்கூட நான் அழவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்து எவ்வளவு உறுதியான பெண் என்றார்கள். இன்று மூக்கு ஒழுக ஒழுக அழுதுகொண்டே முழுத் தட்டையும் சாப்பிட்டேன். இரண்டு பேரும் எழுந்து போகவில்லை. நீலோவுக்குக் காது வரை சிவந்துவிட்டது, ஆனாலும் உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்குப் போகாத" என்றேன்.

"இத சொல்ல உனக்கு இவ்வளவு நாளா?"

"ஆமா."

அவள் என் தட்டை இழுத்து இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.

செப்டம்பர் 11, வியாழன்

பட்டாணி சூப். மூன்று கிண்ணம்.

அக்டோபர் 5, ஞாயிறு, நௌவோ

அம்மா அழைப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டோம், அசுந்தாவும் நானும். வருகிறோம் என்று சொல்லவில்லை. சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது என் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை, அதுவும் சொந்த வீடு. பேருந்தில் மடியில் அதே உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் நிறைந்த பாத்திரம். கரைக்கும் தீவுக்கும் நடுவே படகில் காற்று மூடியைத் தூக்கப் பார்த்தது, இருவரும் மாற்றி மாற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டோம்.

அம்மா கதவைத் திறந்தவள் பயந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"ஒன்னும் ஆகல. சாப்பாடு கொண்டு வந்தோம்."

"எதுக்கு?"

"அப்பாவுக்காக."

கதவைப் பிடித்தபடி நின்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எங்கள் முகங்கள் அப்படித்தான். பிறகு, "உள்ள வாங்க, சூடெல்லாம் வெளிய போகுது" என்றாள்.

அசுந்தா வாயே திறக்கவில்லை. தட்டு எங்கே இருக்கிறது என்று தானே தேடி எடுத்து, பரிமாறி, எதிரே உட்கார்ந்தாள். முழங்காலில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு. அம்மா ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாய். காற்று எப்படி, ஆப்பிள் எப்படி என்று இன்று ஒன்றும் சொல்லவில்லை.

"அவருக்கு உருளைக்கிழங்குன்னா உசிரு" என்றாள்.

அசுந்தா அவள் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.

"அவரு போன அன்னிக்குக் காலைல கூட கேட்டாரு. நான்தான் சாயங்காலம் பண்றேன்னு சொன்னேன். அத யார்கிட்டயும் சொல்லல." ஸ்பூனை வைத்துவிட்டுக் கைக்குட்டையைத் தேடினாள். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று இப்போது தெரியும்.

கடைசிப் பேருந்து போய்விட்டது. நான் மாடியில் என் பழைய அறையில் இருந்து இதை எழுதுகிறேன். கீழே இருவரும் மேசையைவிட்டு எழுந்திருக்கவேயில்லை. அம்மாவின் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது, இருந்தாலும் பேசிக்கொண்டே இருக்கிறாள். அப்பாவை முதன்முதலில் எங்கே பார்த்தாள், அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்று. நான் கேட்டிராத கதை. அவள் மூச்சு வாங்க நிறுத்தும்போதெல்லாம் அசுந்தாவின் குரல் மட்டும் தெளிவாக மேலே வருகிறது.

"அப்புறம்?"